அப்பாவின் பிறந்தநாளில் அம்மாவுக்குக் கல்யாணம்

அப்பாவுக்கு அறுபது நிறையப்போகிறது என்று எங்களுக்குச் சொன்னவர் ராமாபுரத்து அத்தை. அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் அப்பாவின் பிறந்தநாளை யாரும் கொண்டாடியதில்லை. ஆதாரில் இருக்கிற தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் தன் வசதிக்குப் போட்டது. பிறந்த மாதமும் நட்சத்திரமும் மட்டும் அத்தைக்கு நினைவிருந்தன. மார்கழிக் கடைசியில் ஒருநாள் அவர் போன் செய்தார். தையில் அந்த நட்சத்திரம் என்றைக்கு வருகிறது என்று ஜோசியரிடம் கேட்டுவிட்டதாகவும், அது முகூர்த்த நாளாகவே அமைந்திருப்பதாகவும், அன்றைக்கு மைசூரில் எங்கள் வீட்டிலேயே அறுபதாம் கல்யாணத்தை நடத்திவிட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அறுபது நிறைந்தவர் கட்டிய மனைவிக்கே மறுபடி தாலி கட்டுவதும், பெற்ற பிள்ளைகள் முன்னால் நின்று அதை நடத்துவதும் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் எங்கள் வீட்டுக் கதை வேறு. அப்பா ராமாபுரத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு மைசூர் வந்தவர். அவர் மாடி கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அம்மா, கன்னடக் குடும்பம். இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. சின்ன வயதில், கூடப் படித்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைக் காட்டும்போதெல்லாம் எங்கள் வீட்டிலும் ஒன்று எங்கேயோ இருக்கும் என்று நினைத்து நான் பீரோவைக் குடைந்திருக்கிறேன். இப்போது அந்தக் கல்யாணத்தை நேரிலேயே பார்க்கப்போகிறேன்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பேடம்மா. கல்யாணம் ஆக வேண்டியது உனக்கு. எங்களுக்கு ஒரு தடவை ஆயிடுச்சு, அதே சாக்கு."

அம்மாவின் தமிழ் அப்பாவிடம் கற்றது. கோபமோ வெட்கமோ வந்தால் வேண்டாம் என்பதற்குப் பேட, போதும் என்பதற்குச் சாக்கு என்று கன்னடம் உள்ளே புகுந்துவிடும். அன்று வந்தது இரண்டில் எது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டேன். உங்க அம்மா சொல்றதுதான் என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், முடிவெட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, இதற்கெல்லாம் பட்டு வேட்டிதான் கட்டுவார்களா, சாதா வேட்டி போதுமா என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

எங்கள் வீட்டு மாடி அறையில் அப்போது பிரேசிலிலிருந்து யோகா படிக்க வந்த ஒரு பெண் குடியிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். மாலையில் நான் லேப் வேலை முடிந்து வந்ததும் படியில் உட்கார்ந்து கதை பேசுவாள். அப்பாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கல்யாணம் நடத்தப் பார்க்கிறோம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னதும், மணப்பெண் யார் என்று கவலையோடு கேட்டாள். அம்மாதான் என்றேன். அவள் கண்ணை அகல விரித்தாள். அவள் நாட்டில் பிறந்தநாள் என்றால் பெரிய கொண்டாட்டமாம். கை தட்டிப் பாட்டு, காதைப் பிடித்து இழுப்பது, கேக், சாக்லேட் உருண்டை, ராத்திரி முழுக்க ஆட்டம். ஆனால் பிறந்தநாளுக்குக் கட்டிய மனைவியையே கல்யாணம் செய்துகொள்வதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. தன் வீட்டு விசேஷம் என்பதுபோல, கேக்கும் உருண்டையும் தன் பொறுப்பு என்று அப்போதே சொல்லிவிட்டாள். கல்யாணமே உறுதியாகவில்லை என்று சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

அது அவரைக்காய்க் காலம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊறவைத்த அவரைக் கொட்டையிலிருந்து பருப்பைப் பிதுக்கி எடுப்பதற்கு அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்தாள். அம்மா பிதுக்கினால் பருப்பு பாத்திரத்தில் விழும். பிரேசில் பெண் பிதுக்கினால் அது ஜன்னல் வரைக்கும் பறக்கும். சிரித்துச் சிரித்து அம்மாவின் முகம் இளகியிருந்தது. அந்த நேரம் பார்த்து, அன்றைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து வெளியே வந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

அம்மா சொன்னாள். அவளோடு வந்தது அவள் அக்கா ஒருத்திதான். அவரை நான் கன்னட முறையில் தொட்டம்மா என்று கூப்பிடுவேன். முதல் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். ஆபீஸ் பக்கத்தில் ஒரு பிள்ளையார் கோயிலில் அப்பா தாலி கட்டினார். பிறகு மூன்று பேரும் ஒரு ஹோட்டலில் மசாலா தோசை சாப்பிட்டார்கள். ஹோட்டலுக்கு எதிரில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே வாலகம் வாசித்துக்கொண்டிருந்தார்களாம். நாதஸ்வர மேளத்தை மைசூரில் வாலகம் என்றுதான் சொல்வார்கள்.

"நான் தோசையைப் பிச்சுக்கிட்டு அதையே கேட்டுட்டு உக்காந்திருந்தேன். யாரோ ஒருத்திக்கு ஊதறாங்க. எனக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அஷ்டே, அவ்வளவுதான்."

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். பிரேசில் பெண் பிதுக்குவதை நிறுத்திவிட்டாள். அம்மா கையை உதறிவிட்டு எழுந்தாள். வாலகம் உண்டு என்றால் மணையில் உட்காருவதாகவும், இல்லையென்றால் பாயசம் வைத்து முடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தை மாதத்து முகூர்த்த நாளில் வாலகத்துக்கு எங்கே போவது? அன்று மாலையே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பேண்டு செட் கடைகள் இருக்கும் தெருவில் ஏறி இறங்கினேன். அந்தத் தேதியைச் சொன்னதுமே சிரித்தார்கள். ஒருவர், போன வருஷமே வந்திருக்கணும் அக்கா என்றார். கோயில் கோயிலாகப் போனேன். நஞ்சன்கூடு பக்கம் ஒரு குழு இருக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கே போன் செய்தால் அவர்களுக்கும் அதே தேதியில் ஊட்டியில் ஒரு கல்யாணம் இருந்தது. ஒவ்வொரு "இல்லை"க்கும் எனக்கு வேகம்தான் கூடியது. லேபில் ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம்கூட, உங்களுக்குத் தெரிந்த வாலகக்காரர் யாராவது உண்டா என்று ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

அப்படிக் கேட்டதில்தான் கிடைத்தார். சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண்மணியின் தம்பி நாதஸ்வரக்காரர். அவர் வாசிக்கும் கோயிலுக்கே போய்ப் பிடித்தேன். அவருக்கும் அன்று ஒரு மண்டபத்தில் கல்யாணம் இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு நாதஸ்வரத்தை உறையில் போடப்போனவர், யாருக்குக் கல்யாணம் என்று சும்மா கேட்டார். எங்கள் அப்பா அம்மாவுக்கு என்றேன். தோசைக் கதையையும் சொன்னேன். அவர் உறையைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை அழைப்புக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவில் தனக்குக் கொஞ்சம் இடைவெளி உண்டு என்றார். எங்கள் வீடு அந்த மண்டபத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஆட்டோவில் பத்தே நிமிஷம் என்று சொன்னேன். அது ஆட்டோக்காரரைப் பொறுத்தது என்பதைச் சொல்லவில்லை.

முதல் நாளே அத்தை வந்து இறங்கினார். ராமாபுரத்திலிருந்து ஒரு தூக்குவாளி நிறையக் கச்சாயம் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். மற்றவர்கள் அதிரசம் என்பதை எங்கள் பக்கத்தில் கச்சாயம் என்போம். வந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு எங்கய்யன் என்னைய வர உடல அம்மிணி. அதுக்குஞ் சேத்து இப்ப வந்துருக்கேன்."

அம்மா அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். சாயங்காலம் தொட்டம்மாவும் வந்தார், ஒப்பட்டு என்கிற போளிக்குக் கடலைப் பருப்புப் பூரணத்தை அரைத்து எடுத்துக்கொண்டு. ஒப்பட்டுக்கு நெய் ஊற்றிச் சாப்பிடுவதா, பால் ஊற்றிச் சாப்பிடுவதா என்று அத்தைக்கும் அவருக்கும் அடுப்படியில் வாதம் தொடங்கியது. ஒருவருக்குக் கன்னடம் அரைகுறை, மற்றவருக்குத் தமிழே தெரியாது. ஆனாலும் இருவரும் சளைக்கவில்லை.

அந்தச் சந்தடிக்கு நடுவில் பிரேசில் பெண் ஒரு அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். டின் பால், கோகோ தூள், வெண்ணெய். மூன்றையும் சேர்த்துக் கிளறத் தொடங்கினாள். சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கையை எடுக்கக் கூடாதாம். அத்தை எட்டிப் பார்த்தார். கரண்டியை வாங்கிக்கொண்டார். இது திரட்டுப்பால்தானே, இதைப் போய் இவ்வளவு தூரத்திலிருந்து வந்து செய்கிறாயா என்று அவளிடம் தமிழிலேயே கேட்டார். ஆறியதும் இரண்டு பேரும் கையில் வெண்ணெய் தடவிக்கொண்டு லட்டு பிடிப்பதுபோல உருட்டினார்கள். அத்தை உருட்டியது எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. அதன் பெயரை நாங்கள் எவ்வளவு முயன்றும் சொல்ல முடியாததால் பிரேசில் லட்டு என்று வைத்துக்கொண்டோம்.

மறுநாள் விடியலில் பனி கொட்டியது. மொட்டை மாடியில் பந்தல் போட்டிருந்தோம். ஓமம் முடிந்து, அப்பாவையும் அம்மாவையும் பலகையில் உட்காரவைத்துக் கலசத் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் நான். பிறகு அத்தை, தொட்டம்மா, தெருக்காரர்கள். பிரேசில் பெண் அம்மாவின் ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, தண்ணீர் சில்லென்று இருக்கிறதே என்று தயங்கித் தயங்கிச் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். அது இன்னும் கொடுமையாக இருந்தது. அப்பாவின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. ஒரேடியா ஊத்தச் சொல்லு கண்ணு என்று என்னிடம் கெஞ்சினார்.

உடை மாற்றி, பட்டு வேட்டியும் அரக்குப் பட்டுப்புடவையுமாக இருவரும் மாலையோடு வந்து உட்கார்ந்தார்கள். முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. வாலகத்தைக் காணோம். நாதஸ்வரக்காரருக்குப் போன் செய்தால் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. தெருமுனைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். வந்தேன். மறுபடி ஓடினேன். மாடியில் ஐயர் தேங்காய் மேல் தாலியை வைத்து எல்லோரிடமும் காட்டி ஆசி வாங்கச் சொல்லி அனுப்பிவிட்டார். அது சுற்றி வந்துவிட்டது. போனில் ஏதாவது கெட்டிமேளம் இருந்தால் போட்டுவிடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் தாலியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். அப்பா வாங்கிக்கொண்டார். கட்டவில்லை.

"சாமி, நல்ல நேரம் இன்னும் இருக்குதுங்களா?"

இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை என்றார் ஐயர்.

"அப்ப இருக்கட்டுங்க. இவ இத்தன வருசம் பொறுத்தா. நாம கொஞ்ச நேரம் பொறுக்கலாமுங்க."

அம்மா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தாள். அன்றைய வாலகத்தைப் பற்றி அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லையாம். அந்த ஹோட்டலில் எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தானாகவே தெரிந்திருக்கிறது. அவ்வளவு பேருக்கும் நடுவில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கீழே ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் மூன்று மூன்று படியாகக் குதித்து இறங்கினேன். நாதஸ்வரக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. எந்தப் பக்கம் என்று கண்ணாலேயே கேட்டுவிட்டு, சீவாளியை வாயில் வைத்து ஈரப்படுத்திக்கொண்டே படியேறினார். எங்கள் மாடிப்படி குறுகல். தவில்காரர் தவிலைப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெளிந்து நெளிந்து வந்தார். மேலே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே, நடுப்படியில் நின்றபடி கெட்டிமேளத்தைத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சத்தம் படிக்கட்டுச் சுவர்களில் மோதிப் பந்தலுக்குள் புகுந்தது. எதிர் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் கைப்பிடிச் சுவருக்கு ஓடிவந்தார்கள்.

அப்பா தாலி கட்டினார். அட்சதை மழை. தாலி ஏறும்போது மணப்பெண் தலை குனிய வேண்டும் என்பார்கள். எங்கள் அம்மா குனியவில்லை. தலையை நிமிர்த்தி, மூச்சை அடக்கி ஊதிக்கொண்டிருந்த அந்த மனிதரைக் கண் கொட்டாமல் பார்த்தாள். வாயெல்லாம் சிரிப்பு. பிரேசில் பெண் விசும்பி விசும்பி அழுதாள். தொட்டம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். நாதஸ்வரக்காரர் தேவர்நாமா என்கிற கன்னடப் பக்திப் பாடல் ஒன்றையும் வாசித்து முடித்து, ஒப்பட்டுப் பொட்டலத்தோடு அதே ஆட்டோவில் பறந்தார்.

சாப்பாடு கார் நிறுத்தும் இடத்தில். இலையின் ஒரு மூலையில் கச்சாயம், பக்கத்திலேயே ஒப்பட்டு, பிதுக்கம்பருப்புக் குழம்பு, பிசிபேளேபாத், மைசூர்பாகு, பாயசம். தொட்டம்மா ஒப்பட்டில் பால் ஊற்றிக்கொண்டே போக, பின்னாலேயே அத்தை நெய்க் கிண்ணத்தோடு வந்தார். நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன். முதல் பந்தியில் உட்கார்ந்த பிரேசில் பெண், எழுந்திருக்காமல் இரண்டாம் பந்திக்கும் இருந்தாள்.

மாலையில் கேக். பிரேசில் பெண் பேக்கரியில் சொல்லி முட்டையில்லாமல் செய்து வாங்கியிருந்தாள். சுற்றிலும் பிரேசில் லட்டுகளை அடுக்கியிருந்தாள். பாட்டுப் பாடுவதற்கு முன்னால் அதைத் தொடக் கூடாது. ஆனால் யாராவது திருடித் தின்றால்தான் பிறந்தநாள் களைகட்டும் என்பதும் அவர்கள் ஊர் வழக்கமாம். நான் இதை மொழிபெயர்ப்பதற்குள் அத்தையின் கன்னம் உப்பியிருந்தது. பிறகு காது இழுப்பு. வயதுக்கு ஒன்று என்று கணக்காம். அறுபதா என்று அப்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். பேரம் பேசி, பத்து வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தோம். அவள் பூப்போலத்தான் இழுத்தாள். கடைசி ஒன்றை அம்மா இழுத்தாள். அதற்கு அப்பா நிஜமாகவே கத்தினார்.

அடுத்துத்தான் முக்கியமான விஷயம் என்றாள் பிரேசில் பெண். வெட்டிய முதல் துண்டைப் பிறந்தநாள்காரர் தான் சாப்பிடக் கூடாது. தனக்கு மிகவும் வேண்டியவர் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுக்கிறார் என்று பார்க்கத்தான் அவள் ஊரில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். நான் தமிழில் சொன்னேன், தொட்டம்மாவுக்காகக் கன்னடத்திலும் சொன்னேன். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். நான் போன் கேமராவைத் திறந்துவிட்டேன்.

அப்பா துண்டைத் தட்டில் வைத்தார். அம்மாவைத் தாண்டிப் போனார். சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்த பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்த தொட்டம்மாவின் முன்னால் போய் நின்றார். கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். அன்று நீங்கள் வந்து கையெழுத்துப் போடாமல் இருந்தால் இன்று இந்த வீடும் இல்லை, இந்தப் பெண்ணும் இல்லை. அதற்காக உங்களோடு உங்கள் வீட்டில் எத்தனை வருஷம் பேசாமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா, நீங்கள்தான் முதலில் சாப்பிட வேண்டும் என்றார்.

தொட்டம்மா பூவைக் கீழே வைத்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். பிறகு பாதியைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மீதியை எழுந்து வந்து அம்மாவுக்கு ஊட்டினார். அம்மாவின் கண் நிறைந்திருந்தது. வாயில் கேக்கோடு, "என் கைல இருந்தா நானும் அவளுக்குத்தான் கொடுத்திருப்பேன். இவர் முந்திக்கிட்டார்" என்றாள். நான் எடுத்த வீடியோவில் பாதிக்கு மேல் தரைதான் தெரிகிறது. கேமராவை மறந்து அவர்களையே பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை வீடு முழுக்க இலையும் பூவும் கிடந்தன. அம்மா பாலைச் சுடவைத்து, மிஞ்சிய ஒப்பட்டை அதில் பிய்த்துப் போட்டு எல்லோருக்கும் கொடுத்தாள். பிரேசில் பெண் யோகா முடித்து இறங்கி வந்தாள். அவள் ஊரில் பெண்ணுக்கு அறுபது ஆனால் என்ன செய்வார்கள் என்று கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டேன். ஆண், பெண் என்று வித்தியாசம் இல்லை, எல்லோருக்கும் அதே பாட்டு, அதே கேக், அதே காது இழுப்பு என்று சொன்னாள்.

அம்மா யோசித்தாள். "ரீ" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "உங்க அறுபதுக்குக் கல்யாணம் ஆச்சு. என் அறுபதுக்கு ஒண்ணும் இல்லையா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "உனக்கு என்ன வேணும், சொல்லு."

அவள் முன்பே முடிவு செய்து வைத்திருந்தாள் போல. இரண்டடுக்கு கேக். அதை அவளே வெட்ட வேண்டும். நேற்று இலை முழுக்க இனிப்பு, நாக்கே செத்துவிட்டது. அதனால் மட்டன் பிரியாணி. தன் தேதி தனக்கு நன்றாகத் தெரியும், ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை. அதற்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது என்று அப்பா சொன்னார். இப்பவே சொல்லி வச்சாத்தானே நடக்கும் என்றாள் அம்மா.

அத்தை பையைக் கட்டிக்கொண்டிருந்தார். "கெடா நாங் கொண்டாறேன் அம்மிணி. ரெண்டா வேணுமா, ஒண்ணு போதுமா?" என்றார் உள்ளேயிருந்து.

ராமாபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்த அத்தை, காலித் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, பிரியாணிக்குச் சீரகச் சம்பா நல்லதா, பாசுமதி நல்லதா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் காதுக்குள் பேசிக்கொண்டே வந்தார்.